புயலுக்கு முன் ஒரு பட்டியல்



சென்ற இதழில் இப்பகுதியின் கடைசியில், "ஐப்பசி நெருங்குகிறது, வீட்டிலுள்ள முதியவர்களைப் பற்றி இப்போதே யோசித்து வையுங்கள்" என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைக் கண்டு கட்டக்கிலிருந்து ஓர் அன்பர் கடிதம் விடுத்திருக்கிறார். "புயல் வருமுன் மக்களை அப்புறப்படுத்துவது அரசாங்கத்தின் கடமை. இந்த ஒடிசா அரசாங்கமோ அக்காரியத்தில் பெயர் பெற்றது. பிழைக்க வந்த இடத்தில் நாம் இதில் செய்யத்தக்கது என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். விடையில் என் குற்றம் ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

அன்பர் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் மனமார ஒப்புக்கொள்வோம்.

இம்மாநிலம் ஒரிஸ்ஸா என்று வழங்கிய காலத்தில், 1999-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு புயல்கள் அடித்தன. முதலாவது கஞ்சாம் மாவட்டத்தைத் தாக்கியது. இரண்டாவது 29-ஆம் நாள் பாராதீப் துறைமுகத்துக்கு அருகே கரை ஏறிற்று. காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் அளவை எட்டியது. காற்றினும் கொடியதாக வந்தது கடல். ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு எழுந்த நீர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமா வட்டாரத்தில் புகுந்து, ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிற்று. அரசாங்கக் கணக்கின்படியே இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களுள் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த ஒரே மாவட்டத்தினர். எச்சரிக்கை வராமலில்லை. வானிலைத் துறையினர் புயலைக் கண்டு அறிவித்தே இருந்தனர். ஆயினும் "வெளியேறுங்கள்" என்ற சொல் போய்ச் சேர்ந்த இடங்களிலும் "எங்கே போவது?" என்ற கேள்விக்கு விடை இல்லை. அந்நெடுங் கடற்கரைக்கு அன்றிருந்த புயல் புகலிடங்கள் இருபது சொச்சமே.

அந்த அடி மறக்கப்படவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பேரிடர்ப் பணிக்கென்று மாநிலத்தில் தனி அமைப்பு ஒன்று ஏற்பட்டது. தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய கெட்டியான புகலிடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பிற்காலத்தில் அவை எண்ணூற்றைத் தாண்டின. அவற்றுட் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாக நடப்பவை. ஆதலால் ஊராருக்கு அவை அந்நியக் கட்டடங்கள் அல்ல. தங்கள் குழந்தைகள் நாள்தோறும் ஏறி இறங்கும் படிகளே. 2013 அக்டோபர் 12-ஆம் தேதி, துர்கா பூஜையின் நடுவில், பைலின் புயல் கோபால்பூரருகே கரை கடந்தபோது, சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். இறந்தோர் ஐம்பதுக்குள். 2019 மே 3-ஆம் தேதி காலையில் ஃபனி புயல் பூரிக்கருகே கரை ஏறியபோது, அதற்குமுன் ஓரிரு நாட்களுக்குள் சுமார் 12 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டிருந்தனர். கைப்பேசிகளுக்குச் சுமார் 26 லட்சம் எச்சரிக்கைச் செய்திகள் சென்றன. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் ஊர்களில் இறங்கி நின்றனர். இறந்தோர் 64 பேர். பத்தாயிரம் எங்கே, அறுபத்து நான்கு எங்கே! உலகத்தார் இதைப் பாராட்டியது முகமன் அன்று.

நிற்க.

பன்னிரண்டு லட்சம் என்பது செய்தித்தாளில் வாசிக்கும் எண். புயலுக்கு முதல்நாள் மாலை ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிற தொண்டர்முன் வந்து நிற்பது அந்த எண் அன்று. எண்பது வயது மூதாட்டி ஒருத்தி நிற்கிறாள். அல்லது நிற்க முடியாமல் உள்ளே படுத்திருக்கிறாள். அவளை எப்படி அழைத்துப் போவது என்பதில்தான் இவ்வேலையின் கடினம் முழுவதும் இருக்கிறது.

ரயில்வேயில் சோறு தின்கிறவன் என்பதால் எனக்கு எதையும் வண்டியை வைத்தே எண்ணத் தோன்றும். புயற்காலத்தில் ஒரு நேரத்துக்குப் பிறகு நகர்வதே ஆபத்து. பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டிக்கு வழி கிடையாது என்ற ஏற்பாடு இருந்தது. அந்தக் கடலோரத்துக்கு அவ்வெச்சரிக்கை எவ்வளவு வேண்டியது என்பதைத் தமிழராகிய நமக்கு யாரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டி, தனுஷ்கோடியை அடையுமுன் கடலலைக்கு இரையாகி, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வீட்டில் இருந்தவர் கதி ஒருபுறம் இருக்க, வழியில் இருந்தவர் கதி அது. ஆகவே புயலுக்கு முன் புறப்படுவதற்கும் ஒரு கடைசி வண்டி உண்டு. அது போனபின் பேருந்தும் ஓடாது, ஆட்டோவும் ஓடாது. மரம் விழுந்த சாலையில் ஆம்புலன்ஸும் வாராது.

இப்படியிருக்க, மெதுவாக நடப்பவர் முதல் வண்டியில் ஏறவேண்டும் அல்லவா? நடப்பது தலைகீழ். கைகால் திடமுள்ளவர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் முதலிற் போய்விடுகிறார்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் அடுத்துப் போகிறார்கள். "நீ வீட்டைப் பார்த்துக்கொள் அம்மா, நாங்கள் இடம் பிடித்துவிட்டு வந்து அழைத்துப் போகிறோம்" என்று கிழவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் திரும்பி வந்து அழைத்துப்போக வேண்டிய நேரத்தில் காற்று ஏறிவிடுகிறது. நடக்கத் தெரிந்தவர் புறப்பட ஒரு பையும் பத்து நிமிஷமும் போதும். படுக்கையிலுள்ள ஒருவருக்கோ தூக்க நான்கு பேர் வேண்டும், கிடத்த இடமுள்ள வண்டி வேண்டும், மருந்துச் சீட்டு வேண்டும், கூடத் துணைக்கு ஒருவர் வேண்டும், போய்ச் சேருமிடத்தில் அவரை மேலேற்ற வழி வேண்டும். தூண்மேல் நிற்கும் புகலிடம் வெள்ளத்துக்கு உயரம். முழங்கால் மடங்காத முதியவருக்கும் அதே உயரம். சாய்தளம் இல்லாத இடத்தில் அந்தப் படிக்கட்டே இரண்டாவது புயல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அழைத்தால் எல்லாரும் வந்துவிடுவதில்லை. வர மறுப்பவர்களை நாம் பிடிவாதக்காரர் என்று எளிதிற் சொல்லிவிடுகிறோம். சற்று அவர்கள் பக்கமாக நின்று பார்த்தால் ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு காரணம் தெரியும். "நான் பார்க்காத புயலா?" என்பவர் முன்பு ஐந்து எச்சரிக்கைகளைக் கேட்டு, ஐந்து முறையும் ஒன்றும் நேராமல் வீட்டில் தூங்கி எழுந்தவர். ஆட்டையும் மாட்டையும் விட்டுவர மாட்டேன் என்பவளுக்கு அந்த இரண்டு உயிரும்தான் சொத்து. அவை போனால் புயலுக்குப் பிறகு அவள் எதைக்கொண்டு உயிர் வாழ்வது? வலையையும் படகையும் விட்டு வராத மீனவர் நிலையும் அதுவே. ஐந்நூறு பேருக்கு இரண்டு கழிப்பிடம் உள்ள கூடத்தில் இரவைக் கழிக்கக் கூசும் பெண் உண்டு. படுக்கையிலேயே சிறுநீர் கழியும் நோயுள்ள பெரியவர், அந்தக் கூட்டத்தின் நடுவில் மானம் போவதைவிடத் தம் வீட்டுக் கூரை போவது மேல் என்று நினைக்கிறார். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கியால் பயன் இல்லை; சித்தம் தெளிவில்லாதவரை இரைச்சலும் கூட்டமும் இன்னும் கலக்கிவிடும். இவர்களையெல்லாம் வற்புறுத்தித் தூக்கிப் போவது ஒரு வழி. கடைசி நேரத்தில் அதுவே வழியாகவும் ஆகலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து பத்து முறை அழைப்பதைவிட, நன்கு தெரிந்த ஒருவர் வந்து ஒரு முறை அழைப்பது பலிக்கிறது. இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. நம் வீட்டுப் பாட்டியை மருத்துவரிடம் அழைத்துப்போக முயன்ற எவருக்கும் இது தெரியும்.

தெரிந்தவர் போவது எவ்வளவு பலிக்கும் என்பதற்கு ஒரு சான்று. 2024 அக்டோபர் 24-ஆம் நாள் இரவிலிருந்து மறுநாள் காலைவரை, பிதர்கனிகாவுக்கும் தாம்ராவுக்கும் இடையே டானா புயல் கரை கடந்தது. அதற்கு முன்னரே 4,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிப் பெண்கள் மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் கொண்டு சேர்க்கப்பட்டார்கள். அந்தச் சில நாட்களுக்குள் அவர்களுள் சுமார் 1,600 பேருக்குக் குழந்தை பிறந்தது. மின்சாரமற்ற இரவில், மரம் விழுந்த சாலையில், அந்த ஆயிரத்து அறுநூறு தாய்மாரின் கதி என்னவாயிருக்கும் என்று எண்ணினால் உடல் நடுங்குகிறது. இது எப்படிக் கைகூடிற்று? ஊர்தோறும் ஆஷா பணியாளர் என்று ஒரு பெண் இருக்கிறாள். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பது அவளது குறிப்பேட்டில் புயல் பிறக்குமுன்பே எழுதப்பட்டிருக்கிறது. கடைசி நாளில் தேடித் திரியவேண்டியதில்லை. பெயரைப் பார்த்து வீட்டுக்குப் போனால் போதும். போகிறவளும் அந்தப் பெண்ணுக்குப் பழகிய முகம். அதே புயலின்போது, நடக்க இயலாத மூதாட்டி ஒருத்தியை ஓர் ஆஷா பணியாளர் தம் முதுகிற் சுமந்து சேற்று வழியே போன படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த முதுகின் வலிமையை எல்லாரும் வியந்தோம். சுமக்கவேண்டிய மூதாட்டி எந்த வீட்டில் இருக்கிறாள் என்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்ததையும் சேர்த்து வியக்கவேண்டும்.

இனி நம்மிடம் வருகிறேன்.

நாம் யார்? உத்தியோகத்துக்காகவும் கூலிக்காகவும் வியாபாரத்துக்காகவும் இங்கே குடிபெயர்ந்தவர்கள். நம் பெயர் ஊரிலுள்ள குடும்ப அட்டையில் இருக்கிறது. இங்குள்ள பேரேட்டில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறோம். ஊரிலிருந்து தாயாரை வரவழைத்து ஆறு மாதம் வைத்துக்கொள்கிறோம். அந்த ஆறு மாதத்தில் அந்த அம்மாள் எந்தப் பணியாளரின் குறிப்பேட்டிலும் இல்லை. அவளுக்கு ஒடியா தெரியாது. 'பாத்யா' என்றால் புயல் என்பதும் தெரியாது. தெருவில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனால், எந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்கிறார்கள் என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இதைக் கற்பனையாக எழுதவில்லை. 2019-இல் என் கண்ணெதிரில் நடந்தது.

அந்த மே மாதம் 2-ஆம் தேதி நான் நிலையத்தில் வேலையிலிருந்தேன். இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகள் ரத்தாகியிருந்தன. பூரியிலிருந்த யாத்திரிகர்களை வெளியேற்றச் சிறப்பு வண்டிகள் விடப்பட்டன. விசாரணைச் சாளரத்தின் முன்னே எள் விழ இடமில்லை. மாலையில், தென்பாண்டி நாட்டிலிருந்து ஜகந்நாதரைத் தரிசிக்க வந்த இருபது இருபத்தைந்து பேர் ஒரு மூலையில் குந்தியிருந்ததைக் கண்டேன். பெரும்பாலும் வயதானவர்கள். ஒலிபெருக்கி ஒடியாவிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டிருந்தது. அவர்களோ வாராத தென்திசை வண்டிக்காகக் காத்திருந்தார்கள். நான் போய்த் தமிழில் நிலைமையைச் சொல்லி, "கல்கத்தா பக்கம் போகும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், ஊருக்கு அது எதிர்த்திசைதான், உயிருக்கு நேர்த்திசை" என்றேன். ஏறினார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். அன்றிரவு முழுவதும் நிலையத்திலேயே இருக்கும்படி ஆயிற்று. உள்ளத்தில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெருமிதத்தோடு நான் இருந்த அதே இரவில், எங்கள் குடியிருப்பை அடுத்த சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில் ஆச்சி தனியே இருந்தாள்.

ஆச்சி திருநெல்வேலிச் சீமைக்காரி. கணவர் ரயில்வேயில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்று, சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். மகன் சென்னையில். எத்தனை முறை அழைத்தும் அவள் போகவில்லை. அவர் மூச்சு அடங்கிய ஊரில்தான் இருப்பேன் என்பாள். கடையில் அரிசி பருப்பு வாங்கப் போதுமான ஒடியா மட்டும் அறிவாள். அவள் சொன்னதைப் பின்னர் அறிந்தேன். அவ்வாண்டு ஏப்ரல் முழுவதும் தேர்தல் பிரசார வண்டிகள் அந்தச் சந்தில் ஓயாது கத்திக்கொண்டிருந்தன. புயலறிவிப்பு வண்டி வந்தபோது, தேர்தல் முடிந்தும் இவர்கள் ஓயவில்லையே என்று அலுத்துக்கொண்டாளாம். அந்தப் பகுதிப் பணியாளர் இரண்டு முறை கதவைத் தட்டியிருக்கிறார். அவர் பேசியது முழுவதும் விளங்காததால், பெரியவர்களின் வழக்கப்படி, "சரி, சரி" என்று தலையாட்டி அனுப்பியிருக்கிறாள். வருவதாகச் சொல்லிவிட்டாள் என்று நம்பி அவர் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவருக்கு அன்று நூறு வீடு.

மறுநாள் காலையில் கூரைத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. ஆச்சி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். பென்ஷன் காகிதங்கள் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொள்ள எழுந்தபோது சுவரின் மேற்பகுதி சரிந்து இடுப்பின்மேல் விழுந்தது. சந்து முனையில் தேநீர்க் கடை வைத்திருந்த ஒடியா வாலிபன் ஒருவன், "மாவுசி, மாவுசி" என்று கூவிக்கொண்டே காற்று சற்று ஓய்ந்த நேரத்தில் உள்ளே பாய்ந்து, அவளைத் தோளில் தூக்கிப்போய்த் தன் கடைக்குப் பின்னாலிருந்த காரை வீட்டில் சேர்த்தான். பெட்டியையும் மறவாமல் எடுத்து வந்தான். உயிர் பிழைத்தது. இடுப்பெலும்பு கூடவில்லை. அதற்குப்பின் ஆச்சி எழுந்து நடக்கவேயில்லை. மகன் வந்து சென்னைக்கு அழைத்துப் போனார். 2021-இல் அங்கே காலமானாள்.

மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது அவள் கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "மழை வந்தா நம்ம சங்கத்துப் பிள்ளைக யாராவது வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன் ஐயா" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லை இன்றும் என்னால் கீழே இறக்கி வைக்க முடியவில்லை.

ஏனென்றால் அவள் அப்படி எதிர்பார்த்ததில் பிழையில்லை. அந்த வருஷம் தை மாதம் பொங்கல் விழாவுக்கு நன்கொடை திரட்டியபோது நானும் இன்னொருவரும் அந்தச் சந்துக்குள் போனோம். ஆச்சி மோர் கொடுத்து உபசரித்து 51 ரூபாய் எழுதினாள். நன்கொடைப் பட்டியலில் அவள் பெயரும் வீட்டு அடையாளமும் என் கையெழுத்திலேயே இருந்தன. ஐம்பத்தொரு ரூபாய்க்கு அந்த வாசலைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, புயலுக்கு முதல்நாள் அந்த வாசல் நினைவுக்கு வரவில்லை. முன்பின் அறியாத இருபத்தைந்து பேருக்குத் தமிழில் வழி சொன்னேன். அறிந்த ஒருத்திக்குச் சொல்லவில்லை. மனம் கெட்டு அப்படிச் செய்தேன் என்று நான் நினைக்கவில்லை. வேலை நெருக்கத்தில் நினைவு தவறிற்று. நினைவு தவறும் என்பதனால்தான் உலகில் பட்டியல் என்ற ஒன்று ஏற்பட்டது. ரயில்வே எழுத்தனாகிய எனக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு பார்சலுக்குக்கூட நாங்கள் பட்டியலில்லாமல் வண்டியில் இடம் தருவதில்லை.

கட்டக் அன்பருக்கு என் விடை இதுதான். புகலிடம் கட்டுவதும், வண்டி விடுவதும், சோறு சமைப்பதும் அரசாங்கத்தால் ஆகும்; அதை நாம் செய்ய முடியாது. எந்தத் தமிழ் வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர் இருக்கிறார், அவரை எந்த மொழியில் அழைத்தால் எழுந்து வருவார் என்பதை நாம் அறிவோம். அதை அரசாங்கம் அறிய முடியாது, நாம் சொன்னாலன்றி. ஆகவே நம் சங்கத்தில் இவ்வாண்டு ஒரு பதிவேடு திறப்பதென்று செயற்குழுவினர் இசைந்திருக்கிறார்கள். நிறையக் கேள்விகள் இல்லை. வீட்டில் முதியவர், நோயாளி, கர்ப்பிணி, உடற்குறை உள்ளவர், கைக்குழந்தை யார் யார்? நடப்பாரா, தாங்கவேண்டுமா, தூக்கவேண்டுமா? நாள்தோறும் தவறக்கூடாத மருந்து எது? ஒடியா புரியுமா? வீடு காரைக் கூரையா, தகடா, ஓடா? அழைக்கப் போகிறவர் யார்?

கடைசிக் கேள்வியே முக்கியம். பெயர் எழுதிவிட்டால் மட்டும் ஒருவரும் காப்பாற்றப்படமாட்டார். பெயருக்கு எதிரே இன்னொரு பெயர் வேண்டும். அதுவும் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோர் ரயில்வே, மின்சாரம், மருத்துவமனை என்று புயல் நாளில் வீட்டில் இருக்க முடியாத உத்தியோகங்களில் இருக்கிறோம். ஊரெல்லாம் வீட்டுக்குள் போகும்போது வெளியே புறப்படுகிறவர்கள் நாம். ஆகையால் இரண்டில் ஒரு பெயர் அண்டை வீட்டாருடையதாக இருக்கட்டும்; அவர் ஒடியாக்காரராயிருந்தால் மிகவும் நல்லது. ஆச்சியைத் தூக்கியது எங்கள் சங்கம் அன்று. தேநீர்க் கடைத் தம்பி. இங்கே வந்து இருபது ஆண்டாகியும் பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமல் வாழ்கிற குடும்பங்கள் நம்மில் உண்டு. புயல் அந்த வழக்கத்தைப் பொறுக்காது. ஒரு நாள் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுங்கள். மறுநாள் சாவியின் நகல் ஒன்றைக் கொடுக்கலாம்.

இதில் உள்ள சங்கடங்களை மறைக்க விரும்பவில்லை. முதலாவது, பட்டியல் பழசாகிவிடும். ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் புரட்டாசியிலும், அதாவது புயற்காலம் இரண்டுக்கும் முன்னால், வாசல் வாசலாகப் போய்த் திருத்தவேண்டும். இரண்டாவது, சிலருக்கு இது மனக்குறையாக இருக்கும். "என்னையும் முடவர் கணக்கில் சேர்த்தாயா?" என்று ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் சீறினார். அவரிடம் வாதாடாமல், அவர் தெருவிலுள்ள மூன்று முதியவர்களை அழைக்கும் பொறுப்பை அவருக்கே கொடுத்தோம். இப்போது அவர் தம் பெயரையும் எழுதிக்கொண்டார். மூன்றாவது, மிகவும் கவனிக்கத்தக்கது. தனியே வாழும் முதியவர் யார் யார் என்ற குறிப்பு திருடன் கையில் கிடைத்தால் அது வேறு வகைப் புயல். ஆகவே இப்பதிவேடு சங்கச் சுவரில் ஒட்டப்படமாட்டாது, கைப்பேசிக் குழுக்களிலும் சுற்றிவாராது. அந்தந்தத் தெருவின் பெயர்கள் அந்தந்தத் தெருப் பொறுப்பாளர் இருவரிடம் மட்டுமே இருக்கும். வீட்டார் இசைந்தால் அப்பகுதி ஆஷா பணியாளரிடம் ஒரு படி கொடுக்கப்படும்.

வீட்டார் தாமே செய்து வைக்கவேண்டியதும் சிறிது உண்டு. மருந்துச் சீட்டு, அடையாள அட்டை, பென்ஷன் காகிதம் ஆகியவற்றை நீர் புகாத ஒரு பையில் போட்டு முதியவரின் தலைமாட்டிலேயே வையுங்கள். பெட்டியைத் தேடி எழுந்ததால்தான் ஆச்சியின் இடுப்பு முறிந்தது. பத்து நாள் மருந்து கையிருப்பில் இருக்கட்டும். ஃபனிக்குப் பிறகு பல இடங்களில் மின்சாரம் திரும்பவே நாட்கள் பல ஆயின. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் 'பாத்யா' என்ற ஒரு சொல்லையாவது கற்பித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் முதலிற் புறப்படுவது என்பதை வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். மெதுவாக நடப்பவர் முதலில். வீட்டைக் காக்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பூட்டு அந்த வேலையைச் செய்யும்.

இவ்விதழோடு ஒரு படிவம் இணைக்கப்பட்டிருக்கிறது. சரஸ்வதி பூஜைக்குள் நிரப்பிச் சங்க அலுவலகத்திலோ உங்கள் தெருப் பொறுப்பாளரிடமோ சேர்ப்பியுங்கள். உங்கள் வீட்டில் அத்தகையவர் ஒருவரும் இல்லையென்றால், 'அழைக்கப் போகிறவர்' என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். நன்கொடை எதுவும் வேண்டியதில்லை.

அந்தச் சந்துக்கு நான் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆச்சி இருந்த அறைக்கு இப்போது காரைக் கூரை போட்டாயிற்று. அங்கே விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. வீட்டில் ஒரு பாட்டியும் எட்டு மாதக் குழந்தையும். சென்ற ஞாயிறன்று போய்ப் பெயர் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு இரவு வேலை விழுந்தால் போகவேண்டிய இரண்டாவது ஆளாகத் தேநீர்க் கடைத் தம்பி தன் பெயரைத் தானே சொல்லி எழுதச் சொன்னான்.